மூட்டைக்கு அள்ளி, குப்பைக்குக் கிள்ளி!

ஆமத்தூர்ப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் யூரியா வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 கிலோ மூட்டைக்கு அவர் எண்ணி வைப்பது 266 ரூபாய் சொச்சம். மூட்டையின் அசல் அடக்கமோ அதைப்போலப் பல மடங்கு. மீதியைக் கொடுப்பது யார்? மத்திய சர்க்கார். மத்திய சர்க்காருக்குக் கொடுப்பது யார்? சோப்பு வாங்குகிறவர், செருப்பு வாங்குகிறவர், சிவகாசிப் பட்டாசு ஆலையில் வாரக் கூலி வாங்கிவந்து கடையில் மறுபடி எண்ணிக் கொடுக்கிறவர். ஆகவே தோழர்களே, உர மூட்டையின் கணக்கு வழக்கு உழவனுக்கு மட்டும் உரியதல்ல. தீக்குச்சி அடுக்குகிற கைக்கும் அதில் பங்கு உண்டு.

அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

உக்ரைன் யுத்தத்தால் உலகச் சந்தையில் உர விலை உச்சிக்கு ஏறிய 2022-23ஆம் ஆண்டில், மத்திய சர்க்கார் உர மானியமாகக் கொடுத்தது ஏறத்தாழ 2 லட்சத்து 50 ஆயிரம் கோடி ரூபாய். அதே ஆண்டு விவசாய ஆராய்ச்சித் துறை முழுவதற்கும் பட்ஜெட்டில் ஒதுக்கியது ஏறத்தாழ 8,500 கோடி. மூட்டைக்கு 30 ரூபாய் என்றால் மூளைக்கு ஒரு ரூபாய்! யுத்த வேகம் தணிந்த பிறகு வந்த 2025-26 பட்ஜெட்டில் உர மானியம் 1 லட்சத்து 67 ஆயிரம் கோடிக்கு மேல். ஆராய்ச்சிக்கு 10,466 கோடி. அந்த ஒரு ரூபாய்க்குள் நெல்லும் கோதுமையும், மாடும் மீனும், விஞ்ஞானியின் சம்பளமும் கட்டடத்துக்குச் சுண்ணாம்பும் அடக்கம். சாணத்துக்கும் புழுக்கைக்கும் கோழி எருவுக்கும் மிஞ்சுவது எவ்வளவு என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

உடனே சிலர் குதிப்பார்கள்: “பார்த்தீர்களா, மானியத்தை வெட்டச் சொல்கிறார்கள்!” அப்படிச் சொல்லவில்லை. மானாவாரிச் சம்சாரியின் தலையில் மூட்டையின் முழு விலையையும் ஏற்றினால் அவர் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுப் பட்டாசு ஆலை வாசலில் வந்து நிற்பார். அங்கே ஏற்கெனவே நிற்கிறவரின் கூலியும் இறங்கும். மானியம் இருக்கட்டும். மூட்டைக்கு மாற்றாகவும் துணையாகவும் நம் தொழுவத்திலேயே கிடக்கிற சரக்கைப் பற்றி அறிந்துகொள்ள ஏன் அள்ளிக் கொடுக்க வேண்டாம், கிள்ளியாவது கொடுக்கக் கூடாதா என்பதுதான் கேள்வி.

சரக்கு என்றோம். என்ன சரக்கு?

நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு டன்னில் தழைச்சத்து சுமார் 5 கிலோ இருக்கும். யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது 20 கிலோவுக்குச் சற்று அதிகம். ஆக ஒரு மூட்டைக்கு ஈடு கட்ட 4 டன் குப்பை அடிக்க வேண்டும். மூட்டையைச் சைக்கிளில் வைத்து ஒருவர் தள்ளிக்கொண்டு போய்விடலாம். 4 டன் குப்பையை வெட்டி, டிராக்டரில் ஏற்றி, இறக்கி, புஞ்சை முழுக்கச் சிதற எத்தனை ஆள், எத்தனை கூலி, என்ன டீசல்? “இயற்கைக்குத் திரும்புங்கள்” என்று மேடையில் பேசுகிறவர்கள் கூடை தூக்கியவர்கள் அல்லர். குப்பைக் கூடையைத் தலையில் சுமந்தவர் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள். இன்று அவர்கள் காலையிலேயே ஆலை வண்டி ஏறிப் போகிறார்கள். மூட்டை ஜெயித்ததற்கு இதுவே காரணம். சம்சாரி அறிவில்லாமல் மூட்டையைத் தேடவில்லை. கணக்குப் பார்த்துத்தான் தேடினார்.

ஆனால் அந்தக் கணக்கில் இன்னொரு பக்கம் இருக்கிறது. ஆட்டுப் புழுக்கையில் தழைச்சத்து நூற்றுக்கு 3 என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. தொழு உரத்தைப்போல ஆறு மடங்கு! முக்கால் டன் புழுக்கையில் ஒரு மூட்டையின் தழைச்சத்து அடங்கிவிடுகிறது. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கூடவே வருகின்றன. கோழி எருவும் அதே தரம். மாட்டு மூத்திரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு தழைச்சத்து. அதில் பெரும்பகுதி யூரியாவாகவே இருக்கிறது. ஆம், தோழர்களே! தூத்துக்குடி ஸ்பிக் ஆலையில் உருண்டை உருண்டையாக வெளிவரும் யூரியாவும், தொழுவத்துத் தரையில் வழிந்து ஓடி வீணாகும் யூரியாவும் ரசாயனத்தில் ஒரே பொருள். ஒன்றுக்கு வெளிநாட்டு எரிவாயுவும் லட்சம் கோடி மானியமும். மற்றதற்கு ஒரு சாக்கடை.

ஓடிப்போவது மட்டுமா, பறந்தும் போகிறது. திறந்து கிடக்கும் கோழி எருவிலிருந்து 30 நாளில் பாதித் தழைச்சத்து காற்றோடு போய்விடும். மூக்கைத் துளைக்கிறதே ஒரு காரமான நெடி, அதுதான் போகிற பணத்தின் வாசனை. இனி நம் கரிசலை எண்ணிப் பாருங்கள். அறுவடை முடிந்து சித்திரை வெயிலில் கிடை போடுகிறார்கள். விதைப்பு புரட்டாசி, ஐப்பசியில். இடையே ஐந்து மாதம் அந்தப் புழுக்கையும் மூத்திரமும் வெயிலில் கிடக்கின்றன. விதை விழும்போது அதில் என்ன மிச்சம்? கிடை கிளம்பிய மறுநாளே மேலாக உழுதால் எவ்வளவு தங்கும்? வெடித்துக் கிடக்கும் கரிசலில் ஏர் இறங்காதபோது வேறு என்ன வழி? ஏக்கருக்கு எத்தனை ஆடு, எத்தனை இரவு? “ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்” என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அனுபவம் சொன்ன வார்த்தை அது, பொய்யல்ல. ஆனால் எத்தனை கிலோ என்று அது சொல்லாது. கிலோக் கணக்குத் தெரிந்தால்தான் மூட்டையில் எத்தனை குறைக்கலாம் என்று துணிய முடியும். கீதாரிக்கும் நியாயமான கிடைக் கூலியை அப்போது பேச முடியும்.

இந்தக் கணக்கை யார் அளந்து கொடுப்பது?

உர முதலாளி அளக்க மாட்டார்; தன் மூட்டைக்குத் தானே குழி வெட்டுவாரா? விதைக் கம்பெனியும் அளக்காது. புழுக்கைக்குப் பேடண்ட் வாங்க முடியாது. பாக்கெட்டில் அடைத்து விற்க முடியாத அறிவைத் தேட முதலாளித்துவத்துக்கு நேரமில்லை. இது பொதுப் பணத்தால் மட்டுமே நடக்கக்கூடிய வேலை. நடந்தும் இருக்கிறது. நம் தமிழ்நாட்டிலேயே!

கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரிப் பண்ணையில் 1909ஆம் ஆண்டு ஒரு பரிசோதனை தொடங்கினார்கள். ஒரு பாத்திக்கு எதுவுமே போடாமல் விடுவது; ஒன்றுக்கு மாட்டெரு மட்டும்; மற்றவற்றுக்கு ரசாயனச் சத்துகளைத் தனியாகவும் சேர்த்தும் இடுவது. 1925இல் இதே மாதிரி இன்னொன்று. நூறு வருஷத்தைத் தாண்டியும் அந்த நிலத்தில் இந்தச் சோதனை தொடர்ந்து வந்திருக்கிறது. வெள்ளைக்காரன் போனான், மந்திரி சபைகள் மாறின, கல்லூரி 1971இல் பல்கலைக்கழகம் ஆயிற்று. பாத்தி மட்டும் மாறவில்லை. இங்கிலாந்தில் ராத்தாம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843 முதல் இப்படி ஒரு நிலம் இருக்கிறது. அங்கே 1852 முதல் 1871 வரை எருவிட்டு நிறுத்திய ஒரு பாத்தியில், நூறு வருஷம் கழித்தும் எருவின் பலன் தெரிந்தது. ஓர் ஆண்டுத் திட்டம், மூன்றாண்டுத் திட்டம் என்று துண்டு துண்டாகப் பணம் கொடுத்தால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? மண் மெதுவாகப் பேசும். கேட்கிறவனுக்கு நிலையான சம்பளம் வேண்டும்.

இன்னொன்று நம் பருத்திக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. 1923இல் பருத்தி வரிச் சட்டம் வந்தது. ஆலைக்குப் போகும் பஞ்சிலும் கப்பலேறும் பஞ்சிலும் பொதிக்கு இவ்வளவு என்று ஒரு சிறு வரி. விருதுபட்டிப் பேட்டையிலிருந்து போன பஞ்சும் அதற்குத் தப்பியிருக்காது. அந்தப் பணத்தின் ஒரு பங்கில் 1924இல் இந்தூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அங்கே என்ன செய்தார்? பருத்திமாரைப் பாதையில் பரப்பி வண்டிச் சக்கரம் ஏறி நொறுங்கவிட்டார். தொழுவில் மாட்டுக்கு அடியில் படுக்கையாகப் போட்டார். மூத்திரம் ஊறிய தொழுவத்து மண்ணைச் சாணத்தோடு அடுக்கி, கிளறி, சில மாதத்தில் எருவாக்கினார். ‘இந்தூர் முறை’ என்று உலகம் முழுக்க அது பரவிற்று. பருத்தி பயிரிட்டவனின் உழைப்பிலிருந்து எடுத்த காசு, பருத்திமாரை எருவாக்கும் அறிவாகத் திரும்பி வந்தது. அந்நிய ஆட்சியின் மற்றக் கணக்குகள் நமக்கு மறக்கவில்லை. ஆனால் விளைபொருளில் சிறு பங்கை எடுத்து அதே நிலத்தின் ஆராய்ச்சிக்குக் கட்டிவைக்கும் ஏற்பாடு நல்ல ஏற்பாடு. அதை ஏன் இன்று செய்யக் கூடாது?

“பணமில்லை, காலமில்லை” என்பார்கள். சிவகாசிக்காரரிடமா இந்தக் கதை? 2018 அக்டோபர் 23இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது: பேரியம் உப்பு கூடாது, மாசு குறைந்த பட்டாசு மட்டுமே. ஆலைகள் மூடின. மாதக்கணக்கில் அடுப்பு அணைந்து கிடந்தது. ஆமத்தூர்ப் பக்கத்தில் அப்போது எத்தனை குடும்பம் வீட்டு ஆட்டை விற்றுச் சாப்பிட்டது என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் ஓராண்டு ஆவதற்குள், 2019 அக்டோபரில், மத்திய சர்க்காரின் நாக்பூர் ஆராய்ச்சி நிலையமான நீரி ‘பசுமைப் பட்டாசு’ என்று புதிய கலவைகளை வெளியிட்டது. டெல்லிக்கு மூச்சுத் திணறினால் நாக்பூர் விஞ்ஞானி இரவு பகலாக உழைக்கிறார். கரிசலுக்கு மூச்சுத் திணறினால் மட்டும் நிதி மந்திரிக்குக் காது கேட்பதில்லை!

வெடியுப்பைக் கையால் தொடும் தோழர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு விசேஷ உரிமை உண்டு. இன்று ரசாயன ஆலையிலிருந்து வரும் வெடியுப்பு, ஒரு காலத்தில் எங்கிருந்து வந்தது தெரியுமா? பீகார் கிராமங்களில் மாடு கட்டிய மண்ணைச் சுரண்டி, கரைத்து, காய்ச்சி எடுத்தார்கள். மூத்திரம் ஊறிய மண்ணில் தழைச்சத்து உப்பாகப் பூக்கிறது. அதுதான் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலேறிப் போய் ஐரோப்பிய யுத்தங்களில் வெடித்தது. தொழுவத்து மண்ணில் என்ன இருக்கிறது என்பது பீரங்கிக்காரனுக்கு முந்நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்திருந்தது.

சாணத்துக்குப் பணமே ஒதுக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒதுக்கினார்கள், எதற்கு என்று பாருங்கள். 2020 பிப்ரவரியில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ‘சூத்ரா பிக்’ என்று ஒரு திட்டத்துக்கு விண்ணப்பம் கேட்டது. நாட்டுப் பசுவின் பால், சாணம், மூத்திரம் ஆகியவற்றின் ‘தனித் தன்மை’யை ஆராய வேண்டுமாம், மருந்துக்கு, உணவுக்கு, வீட்டுச் சாமானுக்கு. விவசாயப் பயனும் அதில் ஒரு தலைப்பு, அதை மறைக்கவில்லை. ஆனால் முடிவை முதலில் எழுதி வைத்துவிட்டு ஆதாரத்தைப் பிறகு தேடும் வேலையை ஆராய்ச்சி என்று சொல்ல முடியுமா? ஐந்நூறுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு, இதைத் திரும்பப் பெறுங்கள் என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில், ராஷ்டிரிய காமதேனு ஆயோக்கின் தலைவர் சாணத்தில் செய்த ஒரு சில்லைக் காட்டி, இது கைப்பேசியின் கதிர்வீச்சைக் குறைக்கும் என்றார். பேஷ்! எருமைச் சாணத்தில் தழைச்சத்து இல்லையா? வெள்ளாட்டுப் புழுக்கை என்ன பாவம் செய்தது? ஆமத்தூர்க் கரிசல் சத்தைக் கேட்கிறது; சாணம் எந்த ஜாதி மாட்டிலிருந்து வந்தது என்று கேட்கவில்லை. பக்திக்குச் செலவழிக்க விரும்புகிறவர் தம் பணத்தில் செலவழிக்கட்டும். வரிப் பணம் விஞ்ஞானத்துக்கு.

இன்னொரு பக்கம் ‘கோபர் தன்’. 2018இல் தொடங்கி, 2023 பட்ஜெட்டில் 500 புதிய ஆலைகள், மொத்த முதலீடு 10,000 கோடி என்று அறிவித்தார்கள். ஆலையிலிருந்து வெளிவரும் எருவுக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித் தொகை. நல்லது. ஆனால் அது ஆலைக்கு. இரண்டு மாடும் நாலு ஆடும் வைத்திருக்கும் வீட்டுக்கு அல்ல. சாண எரிவாயு நமக்குப் புதிதும் அல்ல. டெல்லி ஆராய்ச்சி நிலையத்தில் 1939லேயே சோதனை நடந்தது. கதர் கமிஷன் 1962 முதல் கிராமங்களுக்குக் கொண்டுபோயிற்று. 1981இல் தேசியத் திட்டமே வந்தது. பிறகு ஏன் நம் பக்கத்தில் அது நிலைக்கவில்லை? சாணம் ஒரு கூடை என்றால் தண்ணீரும் ஒரு கூடை கரைக்க வேண்டும். கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில், சாணம் கரைக்க யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? வாய்க்கால் பாயும் சீமைக்குப் பொருந்தியதைக் கரிசலுக்கு அனுப்பி வைத்தால் தொட்டியில் ஓணான்தான் குடியிருக்கும். தண்ணீர் குறைவாகக் கேட்கிற முறை, மாடு குறைந்த வீட்டுக்கு ஏற்ற முறை, பெண்ணின் தலைச்சுமையைக் குறைக்கிற முறை எல்லாம் இங்கேயே, இந்த மண்ணிலேயே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவை.

மாநில சர்க்காரும் 2023இல் அங்ககக் கொள்கை வெளியிட்டது. 2024-25இல் ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ என்று 206 கோடியில் திட்டம் அறிவித்தது. பசுந்தாள் விதை வருவதை வரவேற்கிறோம். ஆனால் விதை வழங்குவது வேறு, விடை தேடுவது வேறு.

விடை தேட இடமா இல்லை? தெற்கே கோவில்பட்டியில் 1901 முதல் ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. கரிசல் மானாவாரிக்கென்றே பெயர் எடுத்தது. நம் மாவட்டத்திலேயே அருப்புக்கோட்டையிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பல்கலைக்கழக நிலையங்கள். கால்நடைக்கு 1989 முதல் தனிப் பல்கலைக்கழகம். நாமக்கல்லில் அதன் கல்லூரி. அந்த நாமக்கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் புஞ்சையில் விளையும் மக்காச்சோளம் கோழித் தீவனமாகப் போகிறது. போவது சோளம் மட்டுமா? நம் மண்ணின் தழைச்சத்தும் மணிச்சத்தும் அதே லாரியில் ஏறிப் போகின்றன. கோழிப் பண்ணையில் அது எருவாகக் குவிகிறது. நெடியும் ஈயும் அங்கே தொல்லை. சத்துப் போன கரிசல் இங்கே மூட்டைக்குக் கையேந்துகிறது. போன லாரி எருவோடு திரும்பி வர என்ன செலவு, எப்படி உலர்த்தினால் தழைச்சத்து தப்பும், எந்த அளவுக்கு மேல் போட்டால் கிணற்றுத் தண்ணீர் கெடும்? ஹாலந்தில் சாணம் மிதமிஞ்சிப் போய், கோர்ட்டு தலையிட்டு, 2019இல் விவசாயிகள் டிராக்டரோடு தெருவுக்கு வந்தார்கள். கெட்ட பிறகு ஆராய்வதைவிடக் கெடுமுன் ஆராய்வது மலிவு.

என்ன செலவாகும் என்று கேட்கிறீர்களா? உர மானியத்தில் ரூபாய்க்கு ஒரு பைசா. 2025-26 கணக்குப்படி அது ஏறத்தாழ 1,670 கோடி. அதை மானியத்திலிருந்து பிடிக்காமல், அதற்கு மேலாக, ஆண்டுதோறும் தவறாமல் ஒதுக்கட்டும். பண்ணை வேலிக்குள் மட்டும் சோதனை நடத்தாமல் சம்சாரியின் புஞ்சையிலும் நடத்தட்டும். அங்கே குப்பை சுமக்கிறவருக்கு உரிய கூலி கொடுத்து, அந்தக் கூலியையும் செலவில் எழுதட்டும். கூலியை மறைத்த ஆராய்ச்சி கடைசியில் சம்சாரியைத்தான் ஏமாற்றும். முடிவுகள் தமிழில், சொசைட்டிச் சுவரில் ஒட்டப்படட்டும்.

ஆமத்தூர், அதைச் சுற்றிய ஊர்க் கிளைத் தோழர்கள் அடுத்த கிராம சபையிலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். ஆலையில் வேலை பார்க்கிறோம், நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம், கிடை போடுகிறவரையும் ஆடு வளர்க்கிற பெண்களையும் கூட அழைத்துப் போங்கள், அவர்களே பேசட்டும். தீர்மானத்தின் நகல் கலெக்டருக்கும் வேளாண்மைத் துறைக்கும் போகட்டும். ஒரு நகல் நம் தொகுதி எம்.பி.க்கு. பட்ஜெட் விவாதத்தில் அவர் ஒரே ஒரு கேள்வி எழுப்பினால் போதும்: உர மானியமாகக் கொடுத்த நூறு ரூபாய்க்கு எதிரே, எருவைப் பற்றிய ஆராய்ச்சிக்குக் கொடுத்தது எத்தனை பைசா? மந்திரி எழுந்து பதில் சொல்லட்டும்.